ஐந்து மணிக்கு லாடி

2021 பிப்ரவரி 9 அன்று, நைஜீரியாவின் ஜோஸ் பீடபூமியில், கைவிடப்பட்ட வெள்ளீயச் சுரங்கங்களை ஒட்டிய ஒரு சிறிய விலங்குக் காட்சிசாலையில், லாடி என்ற பெண் யானை இறந்தது. இரவோடு இரவாகப் புதைத்தார்கள். அதே கொட்டடியில் பத்தொன்பது ஆண்டுகள் கூடவே இருந்த அசாபே என்ற இன்னொரு பெண் யானைக்கு உடல் காட்டப்படவில்லை.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரி கடைசியில், நான் அங்கே போனேன். நான் அரசாங்கக் கால்நடை மருத்துவர். அசாபேயை லாரியில் ஏற்றி, கிழக்கே ஒரு காப்பகத்தில் இருக்கும் ஏழு யானைகளோடு சேர்க்க வேண்டும். ஏப்ரல் மழை தொடங்கினால் அந்த மண்பாதை போய்விடும். அவளுடைய பாதங்கள் சிமெண்ட் தரையில் நின்று நின்று அழுகத் தொடங்கியிருந்தன. அடுத்த ஆண்டு என்று ஒன்று அவளுக்கு இல்லை.

சஹாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்றின் தூசியில் மதியமே சூரியன் வெளுத்துப்போன தட்டு மாதிரி இருந்தது. பராமரிப்பாளர் சோலோம் கொட்டடியைத் திறந்தார். அறுபது வயதிருக்கும். உள்ளே இருட்டு, பழைய வைக்கோல், மூத்திர நெடி. கோடிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அசாபே நின்றாள். அவள் நெற்றி படும் உயரத்தில் சுவர் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

படிவத்தை எடுத்தேன். கொட்டடியில் உள்ள விலங்குகளின் எண்ணிக்கை என்ற கட்டத்துக்கு வந்ததும் சோலோம் எட்டிப் பார்த்தார்.

"அதை மட்டும் சாயங்காலம் எழுதிக்கலாமே, டாக்டரம்மா."

சிரித்துவிட்டு 'ஒன்று' என்று எழுதினேன்.

சுவருக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டி இருந்தது. லாடி உயிரோடு இருந்தபோது ஒரு ஆராய்ச்சி மாணவன் அவள் குரலைப் பதிவு செய்திருந்தான். போகும்போது பெட்டியை இங்கேயே விட்டுப் போயிருந்தான். லாடி செத்ததும் அசாபே பதினோரு நாள் எதையும் தொடவில்லை. பன்னிரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு சோலோம் பெட்டியைப் போட்டார். நாற்பது நொடி. அசாபே சாப்பிட்டாள்.

"அன்னிலேர்ந்து தினமுமா?"

"தினமும்தான்."

"செத்தவ குரலை ரெண்டு வருஷமாவா போடுறீங்க? இந்தச் சுவருக்குப் பின்னால அவ இருக்கான்னுதானே இது நிக்குது?"

அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவ சாப்பிட்டாளே, டாக்டரம்மா."

பெட்டியின் ஒயரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன்.

லாரி ஓட்டுநர் டான்லாமி இரும்புக் கூண்டை வாசலில் இறக்கி வைத்திருந்தான். உள்ளே தர்பூசணி. அசாபே வந்தாள்; முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்தாள்; பின்வாங்கிச் சுவருக்கே போனாள்.

"கல்யாணப் பொண்ணுகூட இவ்வளவு பிகு பண்ணமாட்டா. ரெண்டு பொண்டாட்டிக்காரன், எனக்குத் தெரியாதா?" என்றான் டான்லாமி.

"தெரியும் தெரியும். அதான் ரெண்டு பேரும் உன்னை லாரியிலயே குடிவெச்சிருக்காங்க" என்றார் சோலோம்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து அடிக்க ஒரு நிமிடம் இருந்தது.

முதலில் தண்ணீர்த் தொட்டியில் வட்டங்கள் எழுந்தன.

பிறகு தகரக் கூரை ரீங்கரித்தது. பிறகு அது என் நெஞ்செலும்புக்குள் வந்தது. காதில் எதுவும் கேட்கவில்லை; உடம்புதான் கேட்டது.

ஓடிப்போய்ப் பின்னறையைப் பார்த்தேன். பெட்டி அப்படியே இருந்தது. ஒயர் என் பையில்.

அசாபே காதுகளை விரித்தாள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னப்பொறியில் ஈரம் வழிந்தது. அடித்தொண்டையில் ஒரு முழக்கம் கொடுத்துவிட்டு அசையாமல் நின்றாள்.

பதில் வந்தது.

"பெட்டியில இருக்குறது நாப்பது செகண்டுதான்" என்று சோலோம் கிசுகிசுத்தார். "இது நிக்கவே இல்ல, பாருங்க."

டான்லாமி எப்போது லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான் என்று தெரியாது.

ஐந்து வாரம் இப்படியே போனது. பழமும் கரும்பும் கூண்டுக்குள் வாடின. மார்ச் முதல் வாரத்தில் கிழக்கே மின்னல் தெரிந்தது. அன்று காலை சோலோம் மண்வெட்டியோடு வந்தார்.

"எங்க வீட்டுல சாவு விழுந்தா, லாகோஸ்ல இருக்குற மவன் வந்து முகத்தைப் பாக்குறவரைக்கும் மூடமாட்டோம். கறிக்கு ஊரே கத்தியோட வந்துருமேன்னு பயந்து, லாடியை இவளுக்குக் காட்டாம மூடிட்டோம். நான்தான் மண்ணு தள்ளினேன்."

லாடியைப் புதைத்திருந்த பழைய சுரங்கக் குழியில் மூவரும் தோண்டினோம். "என் ரெண்டு பொண்டாட்டிக்கும் இது தெரிஞ்சா வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க" என்று டான்லாமி முனகிக்கொண்டே தோண்டினான். மதியம் லாடியின் கீழ்த்தாடை எலும்பு கிடைத்தது. அதைக் கழுவாமல் கொண்டுபோய் அசாபேயின் முன்னால் வைத்தோம்.

அவள் துதிக்கை நுனியால் பல் பல்லாகத் தடவினாள். பின்பாதத்தைத் தூக்கி அதன்மேல் படாமல் பிடித்திருந்தாள். ஒரு மணி நேரம். அதற்குள் ஒரு முறைகூடச் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

சோலோம் எலும்பைத் தூக்கிக்கொண்டு கூண்டுக்குள் நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். அவர் கூண்டின் பக்கவாட்டு இடைவெளி வழியாக வெளியே வந்ததும் டான்லாமி கதவை இறக்கினான்.

நான்கு மணிக்கு லாரி கிளம்பியது. எலும்பும் அவளோடு போனது. மறுநாள் காரில் பின்தொடர்வதாகச் சொல்லிவிட்டு, படிவத்தை முடிக்க நான் தங்கினேன். சோலோம் காலிக் கொட்டடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஒரு வேலை முடிந்த நிம்மதி. கட்டடத்துக்கே அது இருந்த மாதிரி தோன்றியது.

ஐந்து மணி.

தொட்டியில் வட்டங்கள்.

கூரை ரீங்கரித்தது. சிறு முழக்கம், பிறகு மௌனம். மறுபடி, கொஞ்சம் பலமாக, மறுபடி மௌனம். ஒவ்வொரு முறையும் பதில் வருவதற்கான நேரம் விட்டு.

சோலோமின் கையில் துடைப்பம் நின்றது.

"அசாபேக்குக் காட்டிட்டோம்" என்றார். "லாடிக்கு யாரு சொல்றது?"

இருட்டும்வரை அது நிற்கவில்லை. தேய்ந்த சுவரில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

அசாபே மார்ச் 11 அன்று கூட்டத்தோடு சேர்ந்தாள். மூத்த யானையின் விலாவில் சாய்ந்து தூங்குகிறாள். பாதப் புண்கள் ஆறுகின்றன. சோலோம் ஓய்வுபெற மறுத்துவிட்டார். தினமும் காலையில் தொட்டியை விளிம்புவரை நிரப்புகிறார். மாலையில் நான்கு விரல்கடை குறைந்திருக்கிறது என்று தொலைபேசியில் சொல்கிறார்.

அந்தக் கொட்டடிக்கு இறுதிப் படிவம் கொடுக்க வேண்டியிருந்தது. விலங்குகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதினேன். தனியாக வைக்கப்பட்டுள்ளதா என்ற அடுத்த கட்டத்தில் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.