மடங்காத புரதம்

காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்தின் உறைபெட்டியைத் திறந்த பேராசிரியருக்கு முகம் வெளுத்துப்போனது. பல வருட உழைப்பு அடங்கிய சின்னக் குப்பியைக் காணோம்.

பெட்டியின் சாவி ஆய்வகக் காப்பாளரிடம்தான் இருக்கும். “ஆராய்ச்சிக்காரங்க வந்து கேட்பாங்க, குடுப்பேன் சார். யார் யார்னு எப்படி ஞாபகம் வச்சுக்கறது?” என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். எடுபடவில்லை. வார முடிவுக்குள் குப்பி கிடைக்காவிட்டால் வேலை போய்விடும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி அறையின் பொறுப்பாளருக்குக் காப்பாளர் மேல் சந்தேகமில்லை. அவளுடைய தங்கையும் அங்கேயே ஆராய்ச்சி செய்ததால் எல்லோரும் அவளை ‘அக்கா’ என்றே கூப்பிடுவார்கள்.

“குப்பியில என்ன சார் இருந்துச்சு?” என்று பேராசிரியரிடம் கேட்டாள்.

“செல்லுங்க ஒண்ணையொண்ணு பிடிச்சுக்க உதவுற ஏற்பிப் புரதம்மா. சும்மா இருக்கும்போது தலை குனிஞ்சு மடங்கிக் கிடக்கும். தூண்டினாத்தான் நிமிரும். நிமிர்ந்தபடியே நிறுத்தி வைக்க, அது மடங்குற முட்டியில நான் செஞ்ச எதிர்ப்பொருளை, அதான் ஆன்டிபாடியை, ஒட்ட வச்சிருந்தேன். அது வேற யார்கிட்டயும் கிடையாது.”

மறுநாள் தங்கை ஒரு குழாயோடு ஓடிவந்தாள். அதே புரதத்தை மடங்கிய நிலையில் பிரித்தெடுக்க முயன்று தோற்றுக்கொண்டே இருந்தவள் அவள்.

“அக்கா, ஒருவழியா கிடைச்சிடுச்சு! எதுவும் சேர்க்காத சுத்தமான புரதம். நாளைக்குள்ள படம் வேணும், இல்லன்னா என்னை அனுப்பிடுவாங்க.”

அக்கா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் திரையில் உருவங்கள் தெளிந்ததும் அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தங்கையைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“எதுவும் சேர்க்கலன்னியே?”

“இல்லக்கா.”

“அப்புறம் ஏன் எல்லாமே நிமிர்ந்து நிக்குது? ஒவ்வொண்ணோட முட்டியிலயும் என்னடி புடைப்பு?”

தங்கை நாற்காலியில் சரிந்தாள். “திரும்பத் திரும்பக் கழுவுனேன்க்கா. எதிர்ப்பொருள் போயிட்டா தானா மடங்கிடும்னு நெனச்சேன்.”

“அந்தப் பிடி கழுவினா விடாதுடி. வேற யார்கிட்டயாவது படம் எடுத்திருக்கக் கூடாதா?”

“உன்னை மாதிரி யாருக்கா எடுப்பாங்க?”

படங்களை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அக்காவின் விரல் பொத்தான் வரை போனது. கதவுக் கண்ணாடி வழியே தெரிந்த தாழ்வாரத்தில் காப்பாளர் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா அவரையும் பேராசிரியரையும் உள்ளே அழைத்தாள்.

“இந்தப் புடைப்பு உங்க எதிர்ப்பொருள் சார். குழாயில இருக்கறது உங்க குப்பியில இருந்த புரதம். எடுத்தது என் தங்கச்சி.”

காப்பாளர் மன்னிப்புக் கேட்பவர்போல் கைகூப்பினார். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

வேலை போன தங்கை அன்றே பெட்டியைக் கட்டினாள். கண்ணுக்கே தெரியாத முட்டியில் புடைப்பைக் கண்டவள், ஒரே வீட்டில் தங்கை சோறு இறங்காமல் இளைத்துப்போனதைப் பார்க்கவில்லையே என்று அக்கா மருகினாள். அம்மாவிடம் போனில், “அவளுக்கு லீவும்மா, வீட்டுக்கு வர்றா” என்றாள்.

“நல்லதாப்போச்சு. நீயும் கூட வாயேன்.”