கட்டைவிரல் அகலம்

ஓவியரின் மனைவி பட்டறைப் பூட்டைத் திறந்தபோது காலை பதினொரு மணி. வண்ணம் கரைக்கும் டர்பெண்டைன் நெடி முகத்தில் அடித்தது. அவர் போய் இருபது நாள் ஆகியும் நெடி போகவில்லை. அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளுக்குள் எல்லாம் மரத்துக் கிடந்தது.

பின்னாலேயே, படங்களுக்குச் சட்டம் போடுகிறவர் பலகைகளோடு வந்தார். கண்காட்சிக்கு அனுப்பப் படங்களைப் பெட்டியில் அடைக்க வேண்டும்.

செத்துப்போன மனுஷனுக்கு மூடிய கதவு ஆகவே ஆகாது. வீட்டில் குளியலறைக் கதவைக்கூடத் தாழிட விடமாட்டார்; வந்த விருந்தாளிகள் உள்ளே ஆள் இருப்பது தெரிய இருமிக்கொண்டேதான் குளித்தார்கள். படத்திலும் அதே பிடிவாதம். ஆளோ மரமோ கிடையாது, கேன்வாஸ் முழுக்க வண்ணம்தான். ஆனால் கீழ்மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குத் துணியை வெறுமையாக விட்டுவிடுவார். வரைகிறவன் உள்ளே போய்விடுகிறான், திரும்பி வர வழி வேண்டாமா என்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கடைசிப் படம் ஒரே சாம்பல் நிறம். அதன் முன் குனிந்த சட்டக்காரர் நிமிரவில்லை.

"அக்கா, இதுல மட்டும் மூலை மூடியிருக்கே. சார் மூட மாட்டாரே."

மூடியது அவள்தான். அரைகுறையாக இருக்கிறதென்று கண்காட்சிக்காரர் குறைப்பட்டுக்கொண்டார். அன்று கணவர் வழக்கம்போலப் படத்தின் முன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, ஒரே இழுப்பில் பூசிவிட்டாள்.

அந்தக் கண் பிறகு திறக்கவில்லை.

மாரடைப்பு என்றார் டாக்டர். அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

"சுரண்டி விட்டுடவா?" என்றார் சட்டக்காரர்.

துணிக்குப் பின்னால் எதுவோ பிராண்டியது.

மெல்ல.

நகத்தால்.

சுரண்டினால், தான் செய்ததை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவளுக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

"எலியா இருக்கும்," என்றாள். "பெட்டியில வச்சு ஆணி அடிங்க."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடித்து முடித்தார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள். இப்போது தடுக்க ஆள் இல்லை. தண்ணீரைத் திறக்கும் முன்பே விளக்கு அணைந்தது. ஜன்னல் இல்லாத அறையில், கதவின் அடியில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம்.

சரக்... சரக்...

வெளியே, தரையோடு தரையாக, பிரஷ் இழுக்கும் சத்தம். வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறையத் தொடங்கியது. டர்பெண்டைன் நெடி தொண்டையில் இறங்கியது. தாழ்ப்பாளை இழுத்தாள், வந்தது. கதவு அசையவில்லை.

மறுமூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு வெளிச்சம் மிச்சமிருந்தபோது சத்தம் நின்றது.

அவருக்கு அவள் விடாத இடத்தை அவளுக்கு அவர் விட்டிருந்தார். இருபது நாளாக வராத அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தரையில் கன்னம் வைத்து, "நான்தாங்க மூடினேன்," என்றாள்.

மிச்சமிருந்த வெளிச்சத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

பிறகு, பிரஷை மறுபடி தோய்த்து டப்பா விளிம்பில் வழிக்கும் சத்தம் கேட்டது.