ஒட்டிக்கொண்ட தாள்

பியானோ வாசிப்பவருக்குத் தாள் புரட்டுவது பார்வைக்குச் சின்ன வேலைதான். இடது பக்கம் நிற்க வேண்டும். வாசிப்பவர் தலையை ஆட்டியதும் ஒரே வீச்சில் திருப்ப வேண்டும். முந்தினாலும் வம்பு, பிந்தினாலும் வம்பு.

சிட்டு ஆசைப்பட்டது இந்த வேலைக்கு அல்ல. ஆலயத்தில் பியானோ வாசிக்க அவளும் பொம்மியும் போட்டி போட்டார்கள். பாட்டு மாஸ்டர் பொம்மியைத் தேர்ந்தெடுத்து, சிட்டுவைத் தாள் புரட்டச் சொல்லிவிட்டார்.

"இந்த வாரம் பார்ப்போம். பொம்மி நிக்காம வாசிச்சா, இனி ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அவதான். சொதப்பினா சிட்டு" என்று சொல்லியிருந்தார்.

ஆராதனைக்கு முன், ஆலயப் படிக்கட்டில் அண்ணன் அவளை மடக்கினான்.

"மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டிருக்கே? வழி உன் கையிலதானே இருக்கு!"

"என்ன வழி?"

"ரெண்டு தாளைச் சேர்த்துப் புரட்டு. பொம்மி திருதிருன்னு முழிப்பா. கேட்டா, ஒட்டிக்கிச்சுன்னு சொல்லிடு. யாரு பார்க்கப் போறா?"

"கடவுள் பார்ப்பாரு."

"இன்னைக்கு அவருக்கு எத்தனை சர்ச்சுல வேலை இருக்கு! உன் தாளையா எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு?"

"சீ, போடா!" என்று சொல்லிவிட்டு சிட்டு உள்ளே போனாள். அண்ணன் வெளியிலேயே நின்றுவிட்டான். அவன் சொன்ன யோசனை மட்டும் அவளோடு உள்ளே வந்துவிட்டது.

பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. முதலில் பொம்மி தனியாக வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் பாடகர் குழு பாடத் தொடங்கும்.

"சிட்டு, கை ஜில்லுனு ஆயிடுச்சு. பக்கத்துலயே இருப்பேல்ல?" என்று பொம்மி கிசுகிசுத்தாள்.

"இருக்கேன், வாசி."

பொம்மி தொடங்கினாள். முதல் தாள் முடியப்போனது. சிட்டுவின் விரல்கள் குறுகுறுத்தன. இன்னும் ஒரே ஒரு தாளைச் சேர்த்துப் பிடித்தால் போதும்.

'இயேசப்பா, என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. அது என் பேச்சைக் கேட்காது போலிருக்கு' என்று மனதுக்குள் வேண்டினாள்.

பொம்மி தலையை ஆட்டினாள். சிட்டு ஒரே தாளைத்தான் புரட்டினாள். அப்பாடா!

அடுத்த தாளின் முனையைப் பிடித்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது தடிமனாக இருந்தது. இரண்டு தாள்கள்! நேற்றுப் பயிற்சியின்போது மின்சாரம் போனதால் பியானோமேல் மெழுகுவத்தி வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு சொட்டு மெழுகு விழுந்து, தாள்கள் உண்மையாகவே ஒட்டியிருந்தன.

'நீ ஒண்ணுமே செய்யலையே' என்றது மனதுக்குள் ஒரு குரல். 'சும்மா புரட்டு. பொய்கூடச் சொல்ல வேண்டாம்.'

அண்ணனின் யோசனையை அடையாளம் காண்பது சுலபம். கெட்டது என்று அதன் முகத்திலேயே எழுதியிருந்தது. இதுவோ நல்ல பிள்ளைபோல வந்து நின்றது.

இன்னும் இரண்டு வரிகள்தான். சிட்டு நகத்தால் தாள்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. இன்னும் ஒரு வரி. பொம்மியின் நெற்றியில் வியர்வை அரும்பியது. அவள் தாளையே நம்பி வாசித்துக்கொண்டிருந்தாள்.

தாளை மட்டுமா? சிட்டுவையும்தான்.

சிட்டு சட்டென்று குனிந்தாள். "பொம்மி, தாள் ஒட்டியிருக்கு. நிறுத்தாதே! நான் பாடுறேன், அதைக் கேட்டு வாசி."

பொம்மியின் கண்கள் விரிந்தன. இடது கை அப்படியே நின்றுவிட்டது. சிட்டு அவள் காதருகே அடுத்த வரியை மெல்ல முணுமுணுத்தாள். அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டு பொம்மியின் வலது கை மட்டும் தத்தித் தத்தி நடந்தது.

சிட்டு பாடிக்கொண்டே இரண்டு கைகளாலும் தாள்களை இழுத்தாள்.

டர்ர்ர்!

முன்வரிசையில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. தாளின் முனை கிழிந்து அவள் கையோடு வந்துவிட்டது. ஆனால் பக்கம் திறந்துவிட்டது! பொம்மியின் இடது கையும் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. பாடகர் குழு எழுந்து பாடியது.

ஆராதனை முடிந்ததும் மாஸ்டர் விடுவிடுவென்று வந்தார்.

"ஏம்மா, தாள் புரட்டச் சொன்னா புத்தகத்தையே கிழிப்பியா?"

சிட்டு கிழிந்த முனையை அவரிடம் நீட்டினாள்.

"மாஸ்டர், அவ கிழிக்கலைன்னா நான் நடுவுலயே நின்னிருப்பேன்" என்றாள் பொம்மி.

மாஸ்டர் தாளைத் தடவிப் பார்த்தார். மெழுகு விரலில் ஒட்டியது. "ஓ, அதானா! நல்லவேளை... சரி, பொம்மி நிக்காம வாசிச்சிட்டா. இனிமே அவதான்" என்றார். அடுத்த வாரப் பாட்டைப் பியானோமேல் வைத்துவிட்டு, பாடகர்களைக் கூப்பிடப் போனார்.

சிட்டு அந்தப் புதுப் பாட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த வரி உனக்கு எப்படி மனப்பாடம்?" என்று பொம்மி கேட்டாள்.

"உன் இடத்துல உட்காரணும்னு அவ்வளவு பழகினேன்" என்றாள் சிட்டு. "நீ நின்னுட்டா நல்லாயிருக்குமேன்னுகூட நினைச்சேன்."

"அடிப்பாவி! இப்பவும் அப்படித்தான் நினைக்கிறியா?"

"இல்ல. பொறாமை மட்டும் கொஞ்சூண்டு மிச்சமிருக்கு."

பொம்மி அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு களுக்கென்று சிரித்து, பியானோ நாற்காலியில் நகர்ந்து இடம் விட்டாள்.

"அதையும் சுமந்துக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பே? உட்காரு."

அந்த நாற்காலி ஒருவருக்குத்தான் போதும். இருவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, புதுப் பாட்டின் முதல் வரியைச் சேர்ந்தே படித்தார்கள்.