எதிர் நாற்காலி

குடியை விட வைக்கும் அந்த ஜெப வீட்டின் வாசலில், லிஃப்ட் மெக்கானிக்கை அவன் மனைவி ஓட்டை உடைசல் சாமானை இறக்குவது போல இறக்கிவிட்டாள். வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே நீளமான கூடம் மட்டும் இருட்டாக, ஈரச் சுவரின் வாடையோடு கிடந்தது.

"இதான் கடைசி. தெளிஞ்சு வந்தா கதவு திறக்கும். இன்னொரு தடவை அந்த நாத்தத்தோட வந்தீங்கன்னா, நானும் பொண்ணும் உங்களுக்கு இல்ல."

மகள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அது மட்டும்தான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. மற்றபடி எதைப் பார்த்தாலும், யாரைப் பார்த்தாலும் அவனுக்கு இளக்காரம். குடித்தே வேலையைத் தொலைத்தவனுக்கு இவ்வளவு திமிர் எங்கிருந்து வந்ததோ!

வீட்டுப் பொறுப்பாளருக்கு அன்றைக்கே 'ஆமென் அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டான். அவரும் ஒரு காலத்தில் குடித்துக் கவிழ்ந்து கிடந்தவர்தான். எதற்கும் கோபப்படாத மனிதர். அது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

விடிகிற நேரத்தில் எல்லோரும் கூடத்துக்கு வருவார்கள். நாற்காலிகள் இரண்டிரண்டாக எதிரெதிரே கிடக்கும். தனக்காகத் தானே ஜெபிக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். எதிரே இருப்பவனுக்காக நீ கேட்க வேண்டும், அவன் உனக்காகக் கேட்பான். 'ஆண்டவரே, இன்னிக்கு ஒரு நாள் இவனைக் குடியிலேருந்து காப்பாத்தும்.' அவ்வளவுதான் ஜெபம். மறுநாள் மறுபடியும் அதே.

"தினமும் புதுப்பிக்கிறதுக்கு இது என்ன பஸ் பாஸா? ஒரு தடவை சொன்னா உங்க ஆண்டவருக்குக் கேக்காதா?" என்றான்.

"அவருக்குக் கேக்கும்ப்பா. நமக்குத்தான் மறுநாள் மறந்துடும்," என்றார் ஆமென் அண்ணன். "ஆளுங்க ஒத்தப்படையா இருக்கீங்க. உனக்கு எதிர்ல நான் உக்காருறேன்."

"நீங்க வேற நீட்டி முழக்குவீங்க. எனக்கு இது போதும்." மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்த ஒரு பிரம்பு நாற்காலியை இழுத்து வந்தான்.

கூடத்தில் இருந்தவர்கள் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள்.

"அது வேணாம் தம்பி," என்றார் அவர், தணிந்த குரலில்.

சொன்னால் கேட்கிற ஜாதியா அவன்? காலி நாற்காலியின் முன்னால் உட்கார்ந்து கைகூப்பினான். "ஆண்டவரே, இந்த நாற்காலியோட நாலு காலையும் ஆடாம வையும். ஆமென்." பிறகு அதைப் பார்த்துக் கண்ணடித்தான். "எனக்காக இனிமே நீதான் கேக்கணும், சரியா?"

யாரும் சிரிக்கவில்லை.

அதுவரை அவனுக்கு உள்ளே பெரிய தவிப்பு எதுவும் இல்லை. மறுநாளும் அதே நாற்காலியின் முன் உட்கார்ந்து, ஜெபம் முடிந்து எழுந்தபோது நாக்கு வறண்டிருந்தது. அடுத்த நாள் தொண்டை எரிந்தது. கஞ்சியைக் குடித்தாலும், குடம் தண்ணீரைக் குடித்தாலும் அடங்காத தாகம். மற்றவர்கள் ஜெபத்துக்குப் பிறகு முகம் தெளிந்து போனார்கள். இவன் மட்டும் தண்ணீர்க் குடத்தைத் தேடிப் போனான். இவர்களுடைய ஜெபத்தின் லட்சணம் இதுதான் என்று அதற்கும் ஒரு நக்கல்.

லிஃப்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதைக் கயிற்றின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான் அவன். காலிப் பெட்டிக்கு ஒரு சத்தம், பாரம் ஏறிய பெட்டிக்கு ஒரு சத்தம். தொழிலில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது, எதிரே பிரம்பு முனகியது.

பாரம் ஏறிய சத்தம்.

கண்ணைத் திறக்க அவனுக்குத் துணிவில்லை. முதலில் புளித்த சாராய வாடை வந்தது. பின்னால் சாக்கடைச் சேற்றின் வாடை. ஏதோ ஈரமாக அவன் முழங்காலில் இடித்தது.

"ஆண்டவரே..."

கரகரத்த குரல். காதோடு.

"இன்னிக்கு ஒரு நாள் இவனைக் குடிக்க விடும். எனக்குத் தாகமா இருக்கு. இவன் வாய் வழியாவாவது..."

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. சுய நினைவு வந்தபோது மழையில் நனைந்தபடி வெளி கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தான். ஆமென் அண்ணன் அவனை இடுப்போடு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்.

"யாருண்ணே அது? அந்த நாற்காலியில யாரு?"

"ஒரு டிரைவர். அவனுக்குன்னு போட்ட நாற்காலி அது. உன்னை மாதிரியேதான், எனக்காக எவனும் கேக்க வேணாம்னு ஜெபத்துக்கு வராமலே இருந்தான். ஒரு நாள் கேட்டைத் தாண்டிப் போனான். குடிச்சிட்டுத் திரும்பி வர்ற வழியில, இந்தச் சுவரோரச் சாக்கடையில விழுந்து செத்துட்டான்." அவர் முகத்து மழைநீரை வழித்துவிட்டார். "உனக்காகக் கேக்கச் சொல்லி நீதானேப்பா அவன்கிட்ட ஒப்படைச்ச?"

அவனுடைய நக்கலெல்லாம் அந்த மழையில் கரைந்து போனது. சேற்றிலேயே மண்டியிட்டான். அவரும் எதிரே மண்டியிட்டு, அந்த ஒற்றை வரியைச் சொன்னார். தொண்டை மெல்ல நனைந்தது. அவன் ஓவென்று அழுதான்.

அன்றைக்கே அந்த நாற்காலியை உடைத்து எரித்தார்கள். பிறகு ஒரு நாள்கூட அவன் ஜெபத்தைத் தவறவிடவில்லை. எதிரே எப்போதும் ஓர் ஆள் இருந்தார். தாகம் வரவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது ஆமென் அண்ணன் தோளில் கைவைத்துச் சொன்னார்: "அங்கேயும் தினம் பண்ணு. யாரையாவது எதிர்ல உக்கார வச்சுப் பண்ணு. காலியா மட்டும் விடாத."

மனைவி கதவைத் திறந்தாள். மகள் ஓரமாக நின்று, லேசாகச் சிரித்தாள். அதற்காக உயிரையும் கொடுக்கலாம் என்றிருந்தது அவனுக்கு.

மறுநாள் விடிந்ததும் சமையலறை வாசலில் போய் நின்றான். "கொஞ்சம் வந்து எதிர்ல உக்காரேன். எனக்காக ஒரே ஒரு வரி கேக்கணும்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். உதட்டைச் சுழித்தாள். முன்பெல்லாம் அவன்தான் எல்லோரையும் அப்படிப் பார்ப்பான்.

"உங்களுக்காக நான் கேக்காத நாளா? முட்டி தேய்ஞ்சதுதான் மிச்சம். ஊரை ஏமாத்தின நாடகத்தை இங்கயும் ஆரம்பிக்காதீங்க." சாப்பாட்டு மேசையடியில் இருந்த நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். "இந்தாங்க, இதுகிட்ட கேக்கச் சொல்லுங்க."

"ஐயோ, அப்படிச் சொல்லாத..."

அவள் உள்ளே போய்விட்டாள். பாத்திரங்கள் உருண்டன.

நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

அது முனகியது.

அவன் வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாக்கடை வாடை மெல்ல எழுந்தது. தரையில், நாற்காலிக்கு முன்னால், இரண்டு ஈரப் பாதங்கள் பதிந்தன.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"யாருங்க வந்திருக்கிறது?" என்று கேட்டாள் மனைவி. "உங்களுக்காக யாரோ ஜெபம் பண்ற மாதிரி இருக்கே."