நாற்பது மீட்டர் கோடு

நில அளவை அலுவலகத்துக்கு அந்தப் பெண் வந்தபோது, பெருமழை நாளில் வயலுக்குப் போன அவள் அப்பா காணாமல் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. காணாமல் போன மறுநாளே அவருடைய ஒற்றைச் செருப்பு வாய்க்கால் கரையில் கிடந்தது. முன்பு வரப்புத் தகராறில் அப்பாமேல் கை ஓங்கிய சித்தப்பாவை ஏட்டு உள்ளே தள்ளிவிட்டார். சித்தப்பா அப்படிச் செய்பவர் அல்ல என்று யாரிடம் கெஞ்சியும் பயனில்லாமல், கடைசியில் அவள் சர்வேயரம்மாவைத் தேடி வந்திருந்தாள்.

கூடவே வந்த ஏட்டுக்கு எரிச்சல். கொலைகாரனே கையில் இருக்கும்போது வரைபடம் எதற்கு? அடித்துப் போட்டிருக்கிறான், வயல் வெள்ளம் வாய்க்காலுக்கு இழுத்துப் போய்விட்டது. வாய்க்காலில் தேடச் சொன்னதே நகரத்திலிருந்து வந்திருந்த மருமகன், அந்தப் பெண்ணின் கணவன்தான். நிலத்தை விற்கச் சொல்லி மாமனாரோடு மல்லுக்கு நின்றவர் என்றாலும், பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் அலைகிறார் என்று ஏட்டு பரிந்து பேசினார்.

சர்வேயரம்மா வரைபடத்தை விரித்தார். கண்ணுக்கு அந்தச் சமவெளி பலகை மாதிரித் தட்டை. காகிதத்தில்தான் அதன் மேடு பள்ளம் தெரிந்தது. வாய்க்கால் ஓரம் ஓடிய உயரக் கோடு நாற்பத்தொரு மீட்டர், வயல் நடுவே நாற்பது, எதிர்மூலையில் முப்பத்தொன்பது. அந்த மூலையில் சின்னதாக ஒரு நீல வட்டம், பழைய கிணறு. இப்போது அது முள் மண்டிக் கிடப்பதாக அந்தப் பெண் சொன்னாள். முதலில் அங்கே பார்த்துவிட்டு வரச் சொன்னார் சர்வேயரம்மா.

மாலையில் ஏட்டு திரும்பியபோது சட்டையெல்லாம் சேறு. கிணற்றிலிருந்து பிணத்தை எடுத்தாயிற்று. பின்மண்டை உடைந்திருந்தது. அந்தப் பெண் அழவில்லை, நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ சித்தப்பன்தான் கிணத்துல போட்டிருக்கான்” என்றார் ஏட்டு.

“வாய்க்கால் மேட்டுல ஓடுது. அப்பதான் வயலுக்குத் தண்ணி பாயும். வயல் வெள்ளம் மேடேறிப் போய்ச் செருப்பைக் கரையில விட்டுட்டு வருமா? எல்லாரும் அந்தப் பக்கமே தேடட்டும்னு யாரோ கொண்டுபோய்ப் போட்டிருக்காங்க” என்றார் சர்வேயரம்மா.

“அதையும் அவனே செஞ்சிருக்கலாமே?”

“முப்பது வருஷமா அந்த வாய்க்கால் மடையைத் திறந்து மூடுறவர் அவர். தண்ணி எந்தப் பக்கம் போகும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வார். செருப்பைப் போட்டது வாய்க்கால்னா பள்ளம்னு நினைச்சவர், ஒருநாளும் வயலுக்குத் தண்ணி பாய்ச்சாதவர். உங்களை அங்க தேடச் சொன்னது யாரு?”

தானும் அதையே நம்பியது ஏட்டைக் குத்தியது.

அந்தப் பெண் மெல்ல எழுந்தாள்.

“வீட்டுலதான் இருக்கார். தாத்தா வந்துடுவார்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டிருக்கார். அவங்க முன்னாடி மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க.”