எதிர்க் கதவின் பொட்டு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொள்ளுங்கள். இந்தக் குளிர் நாட்டிலேயே என் தலை நரைத்துப் போனது. இங்கே கேட்ட கதை ஒன்றை இன்று உங்களுக்குத் தருகிறேன். சொல்லி முடிக்கும் வரை யாரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது, சரியா?

இந்த நாட்டின் தம்பெரே நகரத்தில், ஏரிக்கரையோரம் ஒரு விடுதி. பாதி வீடு, பாதி அலுவலகம். வேலை நிமித்தம் மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கென்றே கட்டியது. அறை நடுவில் பெரிய மேசை, சமைக்க ஒரு மூலை, மேலே பரண் போல ஒரு கட்டில், இழுத்தால் வரும் படிகள். காகித ஆலையொன்றின் சம்பளக் கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலைக்காக மெர்வி இலையுதிர் காலத்திலிருந்தே அங்கே இருந்தாள். கூட்டம் நடத்துவதும் அந்த மேசையில்தான், சூப் குடிப்பதும் அந்த மேசையில்தான். வாசலைத் தாண்ட வேண்டிய அவசியமே அநேகமாக வராது.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் அவளை உறுத்தியது ஒரு சின்ன விஷயம். எதிர் அறைக் கதவில் பொட்டு இல்லை.

அங்கே கதவுகளில் கண் உயரத்தில் ஒரு லென்ஸ் இருக்கும். உள்ளே விளக்கெரிந்தால் வெளியே நிற்பவருக்கு அது சின்ன வெளிச்சப் பொட்டாகத் தெரியும். உள்ளேயிருந்து யாராவது கண்ணை வைத்தால் பொட்டு அணைந்துவிடும். இந்த மக்கள் கூச்சக்காரர்கள். அறைகளுக்கு நடுவே ஓடும் நடையில் அண்டை அறைக்காரர் இருந்தால், அவர் போகும் வரை கோட்டும் தொப்பியுமாகக் கதவுக்குப் பின்னால் காத்து நிற்பார்கள். எதிரே போய் நின்று ஒரு மனிதரைப் பேச்சுக்கு இழுப்பானேன் என்கிற மரியாதை அது. மெர்வியும் எதிர் அறைக்காரரும் பழகாமலே பழகியது இப்படித்தான். அவர் பொட்டு அணைந்தால் இவள் நிற்பாள். இவள் பொட்டு அணைந்தால் அவர் நிற்பார். அவர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கதவைத் திறக்குமுன் தணிவாக ஒரு இருமல் மட்டும் கேட்கும், ‘வருகிறேன்’ என்று சொல்வதுபோல.

திங்கட்கிழமை அவள் கூட்டத்தில் இருந்தபோது எதிரே ‘தொப்’பென்று ஏதோ விழுந்தது. பின்னாலேயே, மரத்தின்மேல் நகங்கள் மெதுவாகக் கீழே வழிந்து இறங்குகிற சத்தம். அவள் எழுந்து போய் லென்ஸில் பார்த்தாள். எதிர்ப் பொட்டு அணைந்திருந்தது. புறப்படப் போகிறார் போல, போகட்டும் என்று திரும்பி வந்து காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். செவ்வாயும் பொட்டு இல்லை. அவள் நாள் முழுக்க வெளியே போகவில்லை. இன்று புதன்.

பகல் இரண்டு மணிக்கு மேல் நடையில் பல காலடிகள், சக்கர ஒலி, கிசுகிசுப்பு. எல்லாம் அடங்கும் வரை காத்திருந்து அவள் கீழே போனாள்.

“அடேங்கப்பா, மெர்வியா! முகத்தப் பார்த்தே எத்தனை நாளாச்சு. உயிரோடதான் இருக்கீங்களா?” என்றான் வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த பிர்க்கா. சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். “ஐயோ, இன்னைக்குப் போய் இதச் சொல்றேன் பாருங்க. உங்க எதிர் ரூம்காரரு, அதான் ஏன்ஸியோ, தவறிட்டாரு. திங்கக்கிழமையே போயிட்டாராம். மாரடைப்பு. சுத்தம் பண்ணப் போனவங்க தள்ளித் தள்ளிப் பார்த்திருக்காங்க, கதவு நகரல. கதவடியில சாஞ்சு கிடந்திருக்காரு மனுஷன்.”

“நின்னுக்கிட்டுல்ல இருந்தாரு?”

“யாரு?”

“லென்ஸ் இருட்டா இருந்துச்சே... ரூம்ல விளக்கு எரியலையா?”

“அத்தனை விளக்கும் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. ஏன், உங்களுக்கு ஏதாவது சத்தம் கேட்டுதா?”

“இல்ல” என்றாள் மெர்வி.

அப்போது கைப்பேசி அடித்தது. மகள் வில்யா, ஹமேன்லின்னா என்ற பக்கத்து ஊரிலிருந்து. நிறைமாதக்காரி, கணவன் கப்பலில்.

“அம்மா, வலி ஆரம்பிச்சிடுச்சு. ஆஸ்பத்திரியில இன்னும் நேரமிருக்குன்னு சொல்றாங்க. ஆனா தனியா இருக்க முடியலம்மா.”

“இதோ, அடுத்த ரயிலுக்கு வந்துடறேன்டி. எங்கிட்டதான் சாவி இருக்கே, நானே தொறந்துக்கறேன். நீ எழுந்திரிக்காத.”

“வழியில பன்னு வாங்கறேன், காப்பி குடிக்கறேன்னு நிக்காதீங்க.”

“போடி வாயாடி!”

மேலே வந்து பெட்டியை அடைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மூன்று மணிக்கே இருட்டு கவிந்து, ஏரியின் பனிக்கட்டிமேல் நீலமாகக் கிடந்தது. குளிர்சாதனப் பெட்டி முனகி முனகி ஓய்ந்ததும் அறையில் ஈரக் கம்பளியின் வாடை மட்டும் மிஞ்சியது. தன் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. தொப்பியைப் போட்டாள். பழக்கம் போகுமா? திறக்குமுன் லென்ஸில் கண்ணை வைத்தாள்.

ஆளில்லாத நடை. எதிர்க் கதவில் வெளிச்சப் பொட்டு. சுத்தம் செய்கிறவர்கள் விளக்கை அணைக்காமல் போயிருப்பார்கள் என்று நினைத்துக் கைப்பிடியைத் தொட்டாள்.

பொட்டு அணைந்தது.

அவள் கையை எடுத்தாள். காத்திருந்தாள். அந்தக் கதவு திறக்கவில்லை. பொட்டும் திரும்ப வரவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. ‘எங்க இருக்கீங்க அம்மா.’

ரயிலுக்கு நேரமாகிறது. கைப்பிடி சில்லென்றிருந்தது. அழுத்தினால் போதும். முடியவில்லை. அங்கே இருப்பவரும் அழுத்துவார். இரண்டு கதவும் ஒன்றாகத் திறக்கும். அவர் முகம்.

இருமல். தணிவாக. அதே இருமல்.

அந்த ஊரில் யாரும் செய்யாததை அவள் செய்தாள். மூடிய கதவைப் பார்த்துப் பேசினாள்.

“திங்கக்கிழமை எனக்குக் கேட்டுச்சு. வந்திருக்கணும். வரல.” பெட்டியைக் கையில் எடுத்தாள். “எனக்கு அவசரமாப் போகணும். நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாலயே வர்றேன்.”

எதிர்ப் பொட்டு பளிச்சென்று எரிந்தது. கதவு திறக்கவில்லை. ஆனால் ஆள் நடந்தால் மட்டும் எரியும் நடை விளக்குகள், ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று மின்தூக்கி வரை எரிந்துகொண்டே போயின. மின்தூக்கி திறந்தது. மூடியது. கீழே இறங்கியது.

நல்ல மனிதர், வழி விட்டுவிட்டார் என்று நினைத்தாள் மெர்வி. கண்ணில் நீர்கூட வந்தது. படி வழியாக இறங்கி ஓடி, ரயிலைப் பிடித்து, ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பாதி வழியில் வில்யா அழைத்தாள்.

“அம்மா, வந்துட்டு ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்களேன்.”

“என்ன சொல்ற?”

“கதவுப் பக்கம் நிக்கிறது நீங்கதானே? கட்டில்லேர்ந்து கோட்டு மட்டும் தெரியுது. ஈரக் கம்பளி நாத்தம் குடலப் பிடுங்குது. எப்பப் பிடிச்சது உங்களுக்கு இந்த இருமல்?”

“வில்யா! ரூம் கதவச் சாத்திக்கோ! ஆம்புலன்ஸக் கூப்பிடு! வில்யா!”

இணைப்பு அறுந்திருந்தது. மறுபடி அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. அவசர உதவிக்குத் தானே சொன்னாள். ரயில் நின்றதும் பனியில் விழுந்து எழுந்து ஓடினாள்.

பழைய மரக் கட்டடம். இரண்டாம் மாடி. மகள் வீட்டுக் கதவு. கண் உயரத்தில் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே தொலைவில் வில்யா வலியில் முனகுவது கேட்டது.

சாவியைப் போட்டாள். திருகினாள்.

பொட்டு அணைந்தது.

தள்ளினாள். கதவு நகரவில்லை. உள்ளே ஏதோ சாய்ந்திருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். நகரவில்லை. அந்தப் பக்கம் மரத்தின்மேல் நகங்கள் மெதுவாக, மிக மெதுவாகக் கீழே வழிந்தன. ஒரு இருமல். தணிவாக, மரியாதையாக.

அவள் நடையை விட்டுப் போகட்டும் என்று, அவர் காத்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசல் விளக்கு என்றும் அணையாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் கூப்பிட்ட நேரத்தில் கதவு திறக்கட்டும். உங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைகிறவர் உங்கள் சொந்தமாகவே இருக்கட்டும்.