வில்லாளியும் வைத்தியரும்

முத்துக்கனி சொன்னதைக் கேட்டதும் மாமா ரசலையனுக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பிரிஜாவின் பேனா அப்படியே நின்றது.

"எனக்க மோன் சுதன் பைக்குல அடிபட்டுச் செத்து ஆறு மாசம் ஆச்சு சார். இப்ப ஒரு வாரமா அவன் கம்ப்யூட்டர் கேம்ல வந்து விளையாடுதானாம். கூட்டாளி சஜின் போன் பண்ணினான். சுதனுக்க பேரு, சுதனுக்க ஆளாம். அது என்ன ஆளுண்ணு எனக்கு என்ன தெரியும்?"

நாற்காலி நுனியில் இருந்த அவள் கணவர் பொன்னுலிங்கம், இரணியலில் வாழைக்குலை வியாபாரி. "எனக்கும் கேமெல்லாம் தெரியாது. ஏதாவது கோளாறுல அந்த வில்லாளி தானா நடந்திருப்பான். விட்டுரு ஏட்டிண்ணா கேக்க மாட்டேங்கா" என்றார்.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ரசலையன் தலையசைத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும், "சஜின்தான் மாமா. அவனுக்குத்தான் பாஸ்வேர்டு தெரிஞ்சிருக்கும்" என்றாள் பிரிஜா.

மறுநாள் மத்தியானம் ரசலையன் பிரிஜாவையும் முத்துக்கனியையும் மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு, மணவாளக்குறிச்சியில் சஜின் வீட்டுக்குப் போனார். சஜின் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, திரையைக் காட்டினான். யாரும் தொடாமலே சுதனின் ஆள் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தான். கையில் வில்.

வில்லாளிக்குப் பின்னால் மருந்துப் பையோடு ஒரு வைத்தியர்.

"இந்தாளு புதுசு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் வருவாங்க, சேர்ந்துதான் போவாங்க" என்றான் சஜின்.

பிரிஜா உற்றுப் பார்த்தாள். வில்லாளி நடந்தால் வைத்தியர் நின்றார். வைத்தியர் நடந்தால் வில்லாளி நின்றான்.

"ஒரே ஆள் ரெண்டு கம்ப்யூட்டர்ல இருந்து ரெண்டு பேரையும் ஆட்டுதான் மாமா."

அப்போது வைத்தியரின் தலைக்குமேல் எழுத்து வந்தது: 'ஓடாத மக்கா, விழுந்திருவ.'

"தான் ஆட்டுத பொம்மைக்கு ஒருத்தன் புத்தி சொல்லுவானா?" என்றார் ரசலையன் மெதுவாக. "சுதன் எங்க இருந்து விளையாடுவான்?"

"இரணியல் ஸ்டேஷன் பக்கம், யூஜின் அண்ணனுக்க பிரவுசிங் சென்டர்ல. அங்க அவன் பாஸ்வேர்டு அப்படியே கிடக்கும். யாரு தொட்டாலும் திறக்கும்."

காரில் ரசலையன் கேட்டார். "சுதனுக்க ஆள் வில்லாளிண்ணு நமக்கு முதல்ல சொன்னது யாரு பிரிஜா?"

"இவங்க..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். முத்துக்கனி 'ஆளு' என்று மட்டும்தான் சொன்னாள். வில்லாளி என்றவர் பொன்னுலிங்கம், கேமே தெரியாது என்றவர்.

"சுதன் அவருகிட்ட எப்பமாவது சொல்லியிருக்கலாமே?" என்றாள் பிரிஜா.

"இருக்கலாம். ஆனா திருடன் 'விழுந்திருவ'ண்ணு பயப்பட மாட்டான்."

பின்சீட்டில் முத்துக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரவுசிங் சென்டர் வாசலில் யூஜின் உள்ளே கைகாட்டினான். மூலையில் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே பொன்னுலிங்கம், இரண்டு கையிலும் இரண்டு மவுஸ். மனைவியைக் கண்டதும் எழுந்தார்.

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?" என்றாள் முத்துக்கனி.

"நீ நிறுத்தச் சொல்லிருவ." அவர் தரையைப் பார்த்தார். "இங்க வந்து தொறந்து பாத்தேன். காட்டுக்குள்ள ஒத்தைக்கு நின்னுட்டிருந்தான். விட்டுட்டு வர மனசு வரல்ல. யூஜின்கிட்ட கேட்டுப் படிச்சு, துணைக்கு நானும் ஒரு ஆளாட்டு உள்ள போனேன்."

பிரிஜா வாசல் பக்கம் ஒதுங்கினாள்.

முத்துக்கனி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வில்லாளி நின்ற கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள்.

"எதைத் தட்டினா நடப்பான்?"